நான் உரித்த ஸ்டிக்கர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மீன் குழம்பைப் புகழ்ந்தேன். வீட்டுச் சமையலைப் புகழ்வது எனக்கு அவ்வளவாக வராது. இத்தனை வருடக் கலியாணத்தில் நான் புகழ்ந்த நாட்களை மனைவி விரல்விட்டு எண்ணிவிடுவாள். ஒரு கிழமையாகவே கறிகள் நன்றாகத்தான் இருந்தன. அன்றைக்குக் குழம்பு கருஞ்சிவப்பாக, லேசான கருகல் வாசத்தோடு, நான் விரும்புகிற மாதிரியே அமைந்துவிட்டதால் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“இந்த முறை தூள் திறம்,” என்றேன். “எங்கை வறுத்தனீர்? வீட்டிலை மணக்கவே இல்லையே.”

எங்கள் குடியிருப்பில் கறித்தூள் வறுப்பது சின்ன விஷயம் இல்லை. போன வருடம் செத்தல் மிளகாய் வறுத்த அன்று மூன்று மாடிக்காரரும் இருமினார்கள். இரண்டு நாளில் வீட்டு நிர்வாகத்திடமிருந்து மிக மரியாதையான ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டில் மரியாதை கூடக் கூடத்தான் பயப்பட வேண்டும். அதற்குப் பிறகு மனைவி கடைத்தூள் வாங்கத் தொடங்கினாள். வாங்கும்போதெல்லாம், அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன் என்பதுபோல என்னைத் திட்டினாள்.

“உங்கட ஓவனிலைதான் வறுத்தன்,” என்றாள்.

“எந்த ஓவன்?”

“கெல்லருக்குள்ளை சீலையாலை மூடி வச்சிருக்கிறியளே, அதுதான். போன கிழமைச் சனி எங்கட சலவை முறை. உடுப்பை மெசினிலை போட்டிட்டு, காயவிடுற அறையிலை ஜன்னலைத் திறந்து வச்சு அங்கையே வறுத்தன். ஒருத்தரும் இருமேல்லை.”

கெல்லர் என்பது கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாகப் பலகையால் அடைத்த சாமான் அறை. எல்லா வீட்டாரும் முறை வைத்துப் பாவிக்கிற பொதுச் சலவை அறையும் அதற்குப் பக்கத்தில்தான். எங்கள் அரிசி மூட்டை, காரின் குளிர்கால ரயர், ஓடாத சைக்கிள் எல்லாம் கெல்லரில்தான் கிடக்கின்றன. அந்த ஓவனும் அங்கேதான் இருந்தது.

“எனக்கெண்டுதானே கொண்டுவந்து வச்சனீங்கள்?” என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல விரும்புகிறாள் என்று நினைத்தேன்.

வாயில் இருந்த கவளத்தை விழுங்குவதா, துப்புவதா? பயம் வந்தால் நான் எப்போதும் பிழையானதைத்தான் முதலில் செய்வேன். விழுங்கினேன்.

“தங்கச்சிக்கும் ஒரு டப்பா குடுத்தனான்,” என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மனைவியின் தங்கை தலைநகர் பேர்ணில், பூம்ப்ளிஸ் பகுதியில் இருக்கிறாள். கலியாணமாகி ஏழு வருடம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே இல்லாமல் போயின. இப்போது ஐந்தாம் மாதம். இந்த முறை கண்பட்டுவிடக் கூடாது என்று மனைவி ஒரு சின்னக் காலுறைகூட வாங்காமல் இருந்தாள். தொலைபேசியில்கூட அந்தக் கதையைக் குரல் தாழ்த்தித்தான் கதைப்பாள். அந்தப் பிள்ளைக்குத்தான் நான் ஈயத்தை ஊட்டியிருக்கிறேன்.

அது எப்படிப்பட்ட ஓவன் என்று சொல்ல வேண்டும்.

ஓல்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் நான் பவுடர் பூச்சு வேலை செய்கிறேன். இரும்புச் சட்டங்களுக்கும் கைப்பிடிகளுக்கும் காய்ந்த வண்ணப் பவுடரை மின்னேற்றி விசிறுவோம். அது மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு பெரிய சூளைக்குள் விட்டால் உருகி ஒரே தோலாகப் படிந்து இறுகிவிடும். பதினைந்து வருடமாகச் செய்கிற வேலை. தெருவில் எங்கேயாவது பூச்சுப் பிழைத்த வேலியைக் கண்டால் நின்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

கீழ்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி, தனி ஆள். இங்கே துவக்குச் சுடுவது, எங்கள் ஊர்களில் கரப்பந்து விளையாடுவதுபோல, ஊருக்கொரு சங்கம் வைத்துச் செய்கிற காரியம். அவரிடம் ஒரு பழைய ரிவால்வர் இருக்கிறது. அதற்கான சன்னங்களைத் தானே ஈயத்தை உருக்கி, தோட்டக் குடிலில் வைத்து அச்சில் வார்ப்பார். வெறும் ஈயம் குழலுக்குள் அப்பிக்கொள்ளும், கையிலும் பிரளும் என்பதால், அதற்கு எங்கள் பட்டறைப் பவுடர் மாதிரியே ஒன்றைப் பூசி ஓவனில் வைத்து இறுக்குவார். என் தொழில் தெரிந்து ஒருநாள் சலவை அறையில் உள்ளங்கையில் நாலைந்தை வைத்துக் காட்டினார்.

அது சன்னம் என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் கண்ணில் பட்டது பூச்சு. திட்டுத் திட்டாக, ஒருபக்கம் தடித்து, மறுபக்கம் ஈயம் தெரிந்தது. வெட்கம் கெட்ட வேலை.

“இதை யார் செய்தது?” என்று கேட்டேன்.

“நான்தான்,” என்றார் பாவம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை நான் அவருடைய கெல்லர் அறைக்குப் போனேன். ஈயத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவ வேண்டும் என்று காட்டினேன். பிளாஸ்டிக் டப்பாவில் சிவப்புப் பவுடரோடு போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, ஒன்றையொன்று தொடாமல் தட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். இருநூறு பாகையில் வைத்துக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தால், புழுதி பிடித்த மாதிரி இருந்தது திடீரென்று ஈரப்பட்டு மினுங்கத் தொடங்கும். ஆறியதும் அவர் ஒன்றை எடுத்து இரும்பின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார். சன்னம் தட்டையாகிப் போனது. பூச்சில் ஒரு வெடிப்பும் இல்லை. அந்த மனிதர் கை கொட்டிச் சிரித்தார். பட்டறையில் பதினைந்து வருடத்தில் ஒருத்தரும் என் பூச்சைப் பார்த்துச் சிரித்தது கிடையாது. நான் திரும்பத் திரும்பப் போனதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

மனைவியிடம் சீட்டு விளையாடப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஊரில் யுத்தத்துக்குள் வளர்ந்த அவளுக்கு வெடிச்சத்தம் ஆகாது. இந்த நாட்டின் தேசிய தினமான ஆகஸ்ட் முதலாம் திகதி ஊரே வாணம் விடுகிறபோது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே இருப்பாள். அவளிடம் போய், நான் சன்னத்துக்குப் பூச்சுப் பூசுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சீட்டும் அவளுக்குப் பிடிக்காதுதான். ஆனால் அது தாங்கக்கூடிய வெறுப்பு.

கீழ்வீட்டுக்காரர் எதிலும் கண்டிப்பானவர். கையுறை இல்லாமல் தொட விடமாட்டார். அந்த அறையில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கக் கூடாது. “துவக்கைவிட ஈயத்துக்குத்தான் பயப்பட வேண்டும்,” என்பார். ஓவன் கதவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தார். மண்டையோட்டுப் படம், கீழே மூன்று மொழியில் ‘உணவுக்கு அல்ல’.

வசந்தகாலத்தில் அந்த ஓவனின் வெப்பக் கட்டுப்பாடு பழுதாகிவிட்டது. ஒருநாள் சூடு எல்லை மீறி, ஒரு தட்டுச் சன்னமும் சரிந்து உருகி, ஈயம் தட்டில் ஒட்டி அடிப்பகுதிக்கும் வடிந்தது. அவர் புதிய ஓவன் வாங்கினார். பழையதை எறியப் போனபோது நான் தடுத்தேன். எறிகிற சாமானைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். திருத்திப் பார்க்கிறேன் என்று எங்கள் கெல்லருக்குக் கொண்டுவந்தேன். ஒட்டியிருந்த ஈயத்தை முடிந்த மட்டும் சுரண்டினேன். வெப்பக் கட்டுப்பாட்டையும் அரைகுறையாகச் சரிசெய்தேன். பிறகுதான் அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தேன்.

அரிசி எடுக்க வருகிறவள் மண்டையோட்டைக் கண்டால் கேள்வி கேட்பாள். தலைமயிர் உலர்த்தியால் சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். பசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அங்கே ஒரு ஸ்டிக்கர் இருந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. என் தொழில் அவ்வளவு சுத்தம்.

சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமலே கெல்லருக்கு ஓடினேன். ஓவன் பளபளவென்று இருந்தது. தட்டையும் தேய்த்துக் கழுவியிருந்தாள். அதன் கீறல்களில் சாம்பல் நிறம் அப்படியே படிந்து கிடந்தது. அந்தத் தட்டில்தான் மிளகாயும் மல்லியும் கிடந்தன. அதில்தான் அகப்பையால் கிண்டிக் கிண்டி வறுத்திருக்கிறாள். விரலால் தடவினேன். விரல் நுனி சாம்பலானது. அந்தக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறியது.

“எவ்வளவு நாள் சாப்பிட்டீர்கள்?”

“ஒரு கிழமை.”

“பிள்ளைகள்?”

“அவர்கள் வெளியூரில் படிக்கிறார்கள்.”

“வேறு யார்?”

மைத்துனியைப் பற்றிச் சொன்னேன். அவர் வாசலில் சப்பாத்து வைக்கும் மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். “ஈயம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்,” என்றார். “எவ்வளவு போயிருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இப்போதே மேலே போய் மனைவியிடம் சொல்லுங்கள். எல்லோரும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.” பிறகு கேட்டார்: “ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேனே?”

“அது கழன்றுவிட்டது,” என்றேன். அந்த நேரத்திலும் பொய்.

மேலே போனேன். மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று நானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்: “அந்த மீன் பழுது போலை. எனக்கு வயித்தைப் பிரட்டுது. குழம்பை ஊத்தும்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழும்பிப்போய்ச் சட்டியோடு கவிழ்த்தாள். ஒரு கரண்டிக் கறி மிஞ்சினாலும் எறிய விடாத மனுசி. அது எனக்கு விசித்திரமாகப் படவே இல்லை. தப்பினேன் என்றுதான் நினைத்தேன்.

இரவெல்லாம் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். மைத்துனியின் வீட்டுக்குப் போய்த் தூளை மாற்றி வைப்பது. ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. காலையில் மனைவி முதியோர் இல்லத்து வேலைக்குப் போக மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். “போட்டு வாறன்,” என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு இறங்கினேன். பட்டறைக்குச் சுகமில்லை என்று அறிவித்தேன். தமிழ்க்கடையில் ஒரு கிலோ தூள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேர்ண் ரயிலில் ஏறினேன்.

அரைமணித்தியாலப் பயணம். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை என் கண்ணுக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. பிந்திப் பேசுகிறது, பிந்தி நடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வருகிறது. ஏன் இந்தப் பிள்ளை இப்படி என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போய்க் கேக் தின்றுவிட்டு, தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டு வருவேன். செய்யவும் கூடியவன்தான் நான். அதை நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

“என்ன அத்தான், வேலை இல்லையோ?” மைத்துனி கதவைத் திறந்தாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

“இஞ்சாலை ஒரு அலுவல். அப்பிடியே எட்டிப் பாத்தன்.”

அடுப்பில் உருளைக்கிழங்குக் கறி சிவக்கச் சிவக்கக் கொதித்தது. “இருங்கோ, சாப்பிடுங்கோ. அக்கான்ர தூள் வந்தாப் பிறகுதான் எனக்கு வாய்க்கு ருசியே வந்தது. முந்தி ஒண்டும் இறங்காது. இப்ப மூண்டு நேரமும் சோறுதான் அத்தான்.”

மூன்று நேரமும்.

அவள் உடுப்புக் காயப்போட பல்கனிக்குப் போனதும் பாய்ந்து சுவர்த்தட்டிலிருந்த டப்பாவை எடுத்தேன். பைக்குள் கொட்டத்தான் நினைத்தேன். மூடியைத் திறந்த நேரம் அவள் திரும்பி வந்துவிட்டாள். டப்பா அப்படியே கழுவுதொட்டிக்குள் கவிழ்ந்தது.

“ஐயோ அத்தான்!”

நான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக் கடைசிப் பொட்டுவரை கழுவி அனுப்பினேன். பிறகு பையிலிருந்த பைக்கற்றை நீட்டினேன். “பரவாயில்லை பிள்ளை, இந்தாரும். வரேக்கை வாங்கினனான்.”

அவள் பைக்கற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “கொட்டுறதுக்கு முதலே வேறை தூள் வாங்கிக்கொண்டு வந்தனீங்களோ?”

நான் தொட்டியை இன்னொரு தரம் கழுவினேன். அடுப்பில் இருந்த கறியையும் கொட்ட ஒரு காரணம் தோன்றவில்லை. எனவே இருந்து சாப்பிட்டேன். மூன்று தரம் கேட்டு வாங்கினேன். சட்டியின் அடி தெரியும்வரை அந்தக் கறியை நானே தின்றேன். நல்ல பசி என்று நினைத்து அவள் சந்தோசமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். சட்டியை நான் காலியாக்கலாம். ஒரு கிழமையாக அவள் உடம்புக்குள் போனதை என்ன செய்வது? திரும்பும் ரயிலில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி வேலை உடுப்போடு மேசையில் இருந்தாள்.

“தங்கச்சி போன் எடுத்தவள்,” என்றாள். “அத்தான் வந்து தூளைக் கொட்டிப்போட்டு, மூண்டு தரம் சோறு வாங்கித் திண்டிட்டுப் போறார், ஏதும் சுகமில்லையோ எண்டு கேக்கிறாள்.”

அவளுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டின்மேல் சிவப்பாக ஒன்று நின்றது. என் சன்னம். பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நிலையிலும் என் கண் அதைத்தான் பார்த்தது.

“ஓவனுக்குள்ளை பின்பக்க இடுக்கிலை கிடந்தது,” என்றாள். “வறுத்து முடிச்சுத் துடைக்கேக்கை கையிலை தட்டுப்பட்டுது. இது என்ன எண்டு எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நிறம் மட்டும்தான் புதுசு.” அவள் அதைக் கடதாசியோடு என் பக்கம் தள்ளினாள். “ஒன்பது நாளா இதை மனசுக்குள்ளை வச்சிருக்கிறன். சீட்டு விளையாடப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறியள். கெல்லருக்குள்ளை இது கிடக்குது. நான் என்னத்தை நினைக்கிறது? ஆரோடையோ பகையோ? இல்லாட்டி உங்களை நீங்களே...” அவளால் முடிக்க முடியவில்லை. “நேற்று ஓவன் எண்டு சொல்லி உங்கட முகத்தைத்தான் பாத்தன். சொல்லுவார் எண்டு பாத்தன். மீன் பழுது எண்டியள்.”

சீட்டு விளையாட்டு, கீழ்வீட்டுக்காரர், சுத்தியல், உருகிய தட்டு, உரித்த ஸ்டிக்கர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியாக ஈயத்தைச் சொன்னேன். “அது நஞ்சு. தாயிட்டை இருந்து வயித்துப் பிள்ளைக்குப் போகும். அதுதான் தங்கச்சி வீட்டை ஓடினனான்.”

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். ஈயம் நஞ்சு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

“அவளுக்குக் குடுத்தது கடைத்தூள்,” என்றாள்.

“என்ன?”

“சன்னம் கிடந்த ஓவனிலை வறுத்ததைப் பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்க மனம் வரேல்லை. நஞ்சு கிஞ்சு எண்டு தெரியாது. ஏதோ மனம் கேக்கேல்லை. கடைத்தூளை டப்பாவிலை போட்டு, நான் வறுத்தது எண்டு குடுத்தன். அவளுக்கு எங்கை வித்தியாசம் தெரியப்போகுது? ஓவனிலை வறுத்த தூள் மூண்டு கிலோ. எறியவும் ஏலாது. நாங்கள் திண்டு முடிப்பம் எண்டு வச்சன்.”

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தெரிந்த கடவுள் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். நிமிர்ந்தபோது மனைவி கைப்பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திறந்துகொண்டிருந்தாள். வெறும் பெட்டி. ஓரமெல்லாம் சிவப்பு எண்ணெய்.

“மத்தியானம் இதுக்குள்ளை இருந்து நான் திண்டது கடலைக்கறி,” என்றாள். “அந்தத் தூளிலை வச்சது. காலமை நான் இதுக்குள்ளை போடேக்கை நீங்கள் குசினி வாசலிலைதான் நிண்டனீங்கள்.”

நின்றேன்தான். மூடி போடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. இரவு முழுக்க யோசித்த என் திட்டத்தில் அவள் இருக்கவே இல்லை.

அவள் சத்தம் போடவில்லை. “தங்கச்சிக்காகப் பேர்ண் மட்டும் ஓடத் தெரிஞ்சுது. எனக்காகக் குசினிக்குள்ளை ரெண்டு அடி வைக்கத் தெரியேல்லையோ?”

அடுத்த நாள் இருவரும் இரத்தம் கொடுத்தோம். முடிவு வரும்வரை நான் கொறித்துத்தான் சாப்பிட்டேன். கொஞ்சம் இருக்கிறது, தானாகக் குறையும், பயப்படத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். ஓவனை நானும் கீழ்வீட்டுக்காரரும் நகரக் கழிவிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஸ்டிக்கரை உரித்தது நான்தான் என்று வழியில் அவருக்குச் சொன்னேன்.

மனைவி அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். சோறு போட முன்னம் அகப்பையைச் சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“எனக்குச் சொல்ல ஏதும் இருக்கோ?”

இல்லை என்ற பிறகுதான் போடுவாள். உண்மையிலேயே ஒன்றும் இல்லாத நாட்களிலும் அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.